பினாங்கு அடுக்குமாடி வீடொன்றில் சிறு பவளத் தொட்டி: வெப்பமும் உவர்ப்பும் பற்றிய நிகழ்வு ஆய்வு

ஆய்வின் பொருள்

பினாங்குத் தீவில் ஜெலுத்தோங் வட்டார அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் தமிழ்க் குடும்பம் ஒன்று, இரண்டடி நீளமுள்ள கடல்நீர்ப் பவளத் தொட்டியை அமைத்தது. அமைத்த ஏழாம் மாதத்தில், தைப்பூச வாரத்தில், அத்தொட்டியில் இருந்த முதுகெலும்பற்ற உயிர்களில் பெரும்பகுதி இரண்டு நாளுக்குள் இறந்தன. மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நோயோ, நஞ்சோ, கருவிப் பழுதோ இதற்குக் காரணமில்லை. வெப்பத்தைத் தணிக்க எடுத்த ஒரு சரியான நடவடிக்கை இன்னொரு பக்கத்தில் எதை மாற்றுகிறது என்பது உரிய நேரத்தில் கணக்கில் வராமல் போனதே காரணம்.

பவளத் தொட்டி பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டு வாசகர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. அவை வாங்கச் சொல்லும் முதல் பொருள்களுள் ஒன்று நீர்ச்சூடேற்றி. நம் ஊரில் அது பெட்டியிலேயே கிடக்கும். இங்கு எழும் சிக்கல்கள் வேறு வகையானவை. அவற்றைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டிருப்பது மிகக் குறைவு என்பதால் இந்நிகழ்வைத் தொடக்கம் முதல் எழுதி வைப்பது பயன்படும் என்று கருதினேன். குடும்பத்தார் நாள்தோறும் எழுதிவந்த குறிப்பேடும், தொட்டியை அவ்வப்போது சென்று பார்த்ததில் நான் கண்டவையும் இதற்கு ஆதாரம். அவர்களுடைய இசைவோடு எழுதப்படுகிறது. அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விலக்கப்பட்டுள்ளன.

பின்னணி

கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் தொழில்நுட்பர். மனைவி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மகன் ஒருவன். நன்னீர் மீன்களைப் பல ஆண்டுகள் வளர்த்த அனுபவம் கணவருக்கு உண்டு. பவளத்தின் மீது ஆசை கொண்டவன் மகன். ஒரு பள்ளி விடுமுறையில் பூலாவ் பாயார் கடற்பூங்காவுக்குச் சென்று நீரடியில் பார்த்ததிலிருந்து அவன் அதையே பேசிக்கொண்டிருந்ததாகத் தாயார் சொன்னார்.

தொட்டியின் அளவு 60க்கு 35க்கு 35 சென்டிமீட்டர். கண்ணாடியின் கனம், மணல், பாறை, மேலே விட்ட இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் உண்மையில் அதில் இருந்த நீர் ஏறக்குறைய 55 லிட்டர். இந்த எண்ணை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும், பின்னால் வரும் கணக்குகள் எல்லாம் இதை வைத்தே போடப்பட்டுள்ளன. தொட்டி வரவேற்பறையின் மேற்குச் சன்னலுக்குப் பக்கத்துச் சுவரோரம் வைக்கப்பட்டது. மின்செருகி அங்கே இருந்தது. சோபாவில் அமர்ந்தால் பார்வைக்கும் நேராக இருந்தது. பிற்பகல் வெயில் அந்தச் சுவரில்தான் விழுகிறது என்பதை அப்போது எவரும் பெரிதாக எண்ணவில்லை.

நீரும் பாறையும்: முதல் முடிவுகள்

தெலுக் பஹாங்கிலிருந்து கடல்நீரையே தோம்பில் கொண்டுவந்துவிடலாம் என்று கணவரின் நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். தீவில் வாழ்பவர்க்கு எளிதில் தோன்றும் எண்ணம் இது. ஆயினும் பினாங்கைச் சுற்றியுள்ள கடல் பவளத்துக்கு உகந்த தெளிந்த கடல் அன்று. மூடா ஆறும் பிறை ஆறும் வந்து கலக்கும் நீரிணை இது. சேறு மிகுதி, மழைக்காலத்தில் உவர்ப்பும் இறங்கிவிடும். கரையோரக் கழிவுகளும் நோய்க்கிருமிகளும் கூடவே வரும். எனவே தூய நீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்துப் பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு என்பது திறந்த கடலின் பொது அளவு. அடர்த்தி எண்ணில் சொன்னால் ஏறக்குறைய 1.026.

தூய நீருக்குக் குடும்பம் முதலில் நாடியது கடைத்தெருவில் உள்ள குடிநீர் இயந்திரத்தை. காசு போட்டால் ஆர்.ஓ. நீர் கொட்டும் அந்த இயந்திரங்கள் நம் ஊரில் எங்கும் உள்ளன. குடிக்க அவற்றில் குறையில்லை. கணவர், நீரில் கரைந்துள்ள பொருள்களின் அளவைக் காட்டும் கையடக்க டி.டி.எஸ். மீட்டரால் அளந்து பார்த்தபோது, ஓர் இயந்திரத்து நீர் ஒற்றை இலக்கத்தையும், இரண்டு தெரு தள்ளி இருந்த இன்னொன்றின் நீர் அதைப்போல் பல மடங்கையும் காட்டியது. வடிகட்டி எப்போது மாற்றப்பட்டது என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. தொட்டியின் முதல் மாதத்தில் மணல்மேல் படிந்த பழுப்புப் பாசி புதுத் தொட்டிகளில் வழக்கமாக வருவதுதான் என்றாலும், அது ஒழியத் தாமதமானதற்கு இந்நீரில் தங்கியிருந்த சிலிக்கேட்டும் பாஸ்பேட்டும் துணைபோயிருக்கலாம். சமையலறைக் குழாயில் சிறு ஆர்.ஓ. கருவியும் அதன் முடிவில் அயனி நீக்கும் பிசின் குப்பியும் பொருத்திய பிறகு மீட்டர் சுழியம் காட்டியது. பாசியும் சில வாரங்களில் குறைந்தது.

உவர்ப்பை அளக்க முதலில் வாங்கியது முள் ஆடும் வகை பிளாஸ்டிக் அளவி. அதன் முள்ளில் ஒரு சிறு காற்றுக்குமிழ் ஒட்டினால் போதும், முள் மேலெழுந்து உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். 1.025 என்று அது காட்டிய நீரை, நீரில் ஒளி வளைவதைக் கொண்டு உவர்ப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில், உவர்ப்பு 35 உள்ள திரவத்தால் அதைச் சரிபார்த்தபின், பார்த்தபோது 1.022தான் இருந்தது. இந்த வேறுபாடு உயிர்கள் வருமுன்பே தெரிந்தது நல்லதாயிற்று. அன்றுமுதல் ரிஃப்ராக்டோமீட்டரே பயன்பட்டது.

பாறைக்கு, கடலிலிருந்து நுண்ணுயிர்களோடு எடுத்துவரும் உயிர்ப்பாறையைத் தவிர்த்து உலர்ந்த பாறையை வாங்கினார்கள். நான் இதை வலியுறுத்தினேன், இப்போதும் வலியுறுத்துகிறேன். கடற்பூங்கா நீர்ப்பகுதிகளில் அனுமதியின்றிப் பவளத்தை எடுப்பது, உயிருள்ளதாயினும் இறந்ததாயினும், 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். கடினப் பவளங்கள் யாவும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. இங்கு அதைச் செயல்படுத்துவது 2008ஆம் ஆண்டின் சட்டம் 686. 2010இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்தபோது நம் கடற்பூங்காக்களில் முக்குளிப்பு இடங்கள் சிலவற்றைப் பல வாரங்கள் மூடி வைத்தார்கள். அப்படி நொந்துபோன இடத்திலிருந்து பெயர்த்த கல் வீட்டுத் தொட்டிக்கு வரக்கூடாது. பின்னர் வந்த பவளங்களும் வளர்ப்பவர்கள் வெட்டிப் பெருக்கிய துண்டுகளே.

முதிர்வுக் காலமும் உயிர்களும்

ஜூலையில் நீர் நிரப்பப்பட்டது. குப்பியில் கிடைக்கும் நுண்ணுயிரும், லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் அம்மோனியாவும் சேர்த்து, அம்மோனியா நைட்ரைட்டாகவும் நைட்ரைட் நைட்ரேட்டாகவும் மாறும் சுழற்சி நிலைபெறக் காத்திருந்தார்கள். சேர்த்த அம்மோனியாவும் அதிலிருந்து எழுந்த நைட்ரைட்டும் ஒரே நாளில் சுழியத்துக்கு இறங்கும்வரை ஐந்து வாரமளவில் ஆயிற்று. அந்த ஐந்து வாரம் வெறும் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்த சிறுவனின் பொறுமை பாராட்டுக்குரியது.

பின்னர் வளர்ப்பில் பிறந்த கோமாளி மீன் இரண்டு, பாசி மேயும் நத்தைகள், அதன்பின் ஸோவாந்தஸ் பவளத் துண்டுகளும் காளான் பவளமும் வந்தன. நவம்பரில் துப்புரவு இறால் ஒன்றும், டிசம்பரில் இரண்டு தலை கொண்ட ஹேமர் பவளமும் சேர்ந்தன. ஹேமர் கடினப் பவள இனம்; மற்றவற்றைவிட நிலையான நீரை அது வேண்டும். வாரத்துக்குப் பத்து விழுக்காடு நீர் மாற்றியே காரத்தன்மை 8 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) அளவிலும் கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம் அளவிலும் நின்றன. அவ்வளவு சிறிய சுமைக்குத் அவற்றைத் தனியே சேர்க்கத் தேவைப்படவில்லை.

சிறுவர் உள்ள வீடுகளுக்காக ஒன்றை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். ஸோவாந்தஸ் வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் எனும் கொடிய நஞ்சு உண்டு. அவை ஒட்டியுள்ள பாறையைக் கொதிநீரில் போடவோ, கையுறையும் கண்ணாடியும் இன்றித் தேய்க்கவோ கூடாது. ஆவியாக எழுந்து நுரையீரலுக்குள் சென்றாலும் அது ஆபத்து. இந்த வீட்டில் துண்டுகளைத் தொடுவது தந்தை மட்டுமே என்று விதி வைத்திருந்தார்கள்.

கவனிக்கப்பட்டவை: வெப்பம்

அக்டோபர், நவம்பர் மழைமாதங்களில் தொட்டியின் வெப்பம் காலையில் 27, பிற்பகலில் 28.5 டிகிரி என்ற அளவில் இருந்தது. தீபாவளிக்குக் குடும்பம் இரண்டு இரவு தைப்பிங்கில் உறவினர் வீட்டில் தங்கியது. திரும்பி வந்தபோது நீர்மட்டம் அரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக இறங்கியிருந்தது. ஒரு லிட்டருக்கு மேல் ஊற்றவேண்டி வந்தது. எல்லா உயிர்களும் நலம். இரண்டு மூன்று நாள் வீட்டை விட்டுப் போனால் தொட்டி தாங்கும் என்ற நம்பிக்கை இங்கே பிறந்தது. அன்றைய சூழலுக்கு அது பொய்யான நம்பிக்கையும் அன்று. காற்றில் ஈரம் மிகுந்திருந்ததால் நீர் மெல்லவே ஆவியாயிற்று, அவ்வளவுதான்.

டிசம்பர் இறுதியில் மழை ஓய்ந்து வெயில் ஏறியது. பிற்பகல் மூன்று மணிக்குக் குறிப்பேட்டில் 30.4, 30.8 என்ற எண்கள் தோன்றத் தொடங்கின. காலை அளவுக்கும் பிற்பகல் அளவுக்கும் இடையே மூன்று டிகிரி வேறுபாடு. ஹேமர் பவளம் பிற்பகலில் சுருங்கி, இரவில் விளக்கணைந்த பின் மீண்டும் உப்பியது. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசியே அதற்கு உணவில் பெரும்பங்கைத் தருகிறது; வெப்பம் மிஞ்சினால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். இதை அறிந்திருந்த கணவர் உடனே செயல்பட்டார்.

ஜனவரித் தொடக்கத்தில் தொட்டியின் விளிம்பில் நீர்ப்பரப்பை நோக்கிக் காற்று வீசும் சிறு காற்றாடி இரண்டைப் பொருத்தினார். அடுத்த நாளே உச்ச வெப்பம் 28.3க்கு இறங்கிற்று. மிகக் குறைந்த செலவில் கிடைத்த இவ்வளவு நல்ல பலன் வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி தந்தது.

காற்றாடி குளிர்விப்பது நீரை ஆவியாக்கித்தான். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு நாளில் இரண்டு லிட்டர் ஆவியானால், அது இரவு பகலாக 55 வாட் வெப்பத்தைத் தொட்டியிலிருந்து இறைத்து வெளியே ஊற்றுவதற்குச் சமம். விளக்கும் நீரோட்ட மோட்டார்களும் நீரில் சேர்க்கும் வெப்பத்தை ஈடுகட்ட அது போதும். ஆனால் போவது நீர் மட்டுமே. உப்பு முழுவதும் தொட்டியிலேயே தங்கிவிடும். காற்றாடி வருமுன் நாளுக்கு முக்கால் லிட்டருக்கு மேல் போகாத தொட்டி, வந்தபின் இரண்டு லிட்டரைத் தாண்டியது. மனைவி ஒவ்வொரு காலையும் பள்ளிக்குப் புறப்படுமுன் ஒரு குடுவையாலும் மாலையில் இன்னொன்றாலும் நிரப்பி வந்தார். தினமும் அவர் கை நிரப்பியதால் உவர்ப்பு அசையவில்லை. அசையாததால் அந்த இரண்டு குடுவைகள் எவ்வளவு பெரிய வேலையைச் செய்கின்றன என்பதும் குறிப்பேட்டில் ஏறவில்லை.

தைப்பூச வாரம்

மனைவியின் தாயார் வீடு தண்ணீர்மலைக் கோவிலுக்கு அருகில். ஆண்டுதோறும் இரதம் புறப்படும் நாள் முதல் திரும்பும் நாள்வரை குடும்பம் அங்கே தங்கித் தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்வது வழக்கம். தீபாவளி அனுபவத்தை வைத்து, இம்முறையும் மீனுக்கு உணவு போடுவதை மட்டும் அண்டை வீட்டு அம்மையாரிடம் ஒப்படைத்துச் சென்றார்கள். நீர் ஊற்றுவதைப் பற்றி அவரிடம் சொல்லப்படவில்லை. வீடு பூட்டப்பட்டு, சன்னல்கள் அடைக்கப்பட்டன. திரைச்சீலை மட்டும் திறந்தே கிடந்தது. மேற்கு வெயில் அறையைச் சுட்டது. வெப்பமானியின் நினைவில் பதிந்திருந்த உச்சம் 30.9 டிகிரி.

மூன்றாம் நாள் இரவு பத்து மணியளவில் திரும்பினார்கள். கதவைத் திறந்ததும் கேட்டது மோட்டார் காற்றை உறிஞ்சும் களகளப்பு. நீர்மட்டம் மூன்றரை சென்டிமீட்டர் இறங்கி, பழைய மட்டம் இருந்த இடத்தில் கண்ணாடியைச் சுற்றி வெள்ளை உப்புக்கோடு காய்ந்து நின்றது. தொட்டியின் பரப்பை வைத்துக் கணக்கிட்டால் போன நீர் ஏழு லிட்டர். 55 லிட்டரில் 35 ஆக இருந்த உவர்ப்பு, 48 லிட்டரில் 40ஐத் தொட்டிருக்கும். அன்றிரவு ஊற்றுமுன் உவர்ப்பு அளக்கப்படவில்லை. 40 என்பது கணக்கால் பெறப்பட்ட எண்.

களைத்து வந்த கணவர், மோட்டார் எரிந்துவிடும் என்ற அச்சத்தில், சேமிப்பில் இருந்த ஆர்.ஓ. நீர் ஏழு லிட்டரையும் ஒரேயடியாக ஊற்றினார். பத்து நிமிடத்தில் மட்டம் பழைய இடத்துக்கு வந்தது. ரிஃப்ராக்டோமீட்டர் 35 காட்டியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணி உறங்கச் சென்றார்கள்.

மறுநாள் காலை துப்புரவு இறால் பாறையடியில் இறந்து கிடந்தது. நத்தைகள் கண்ணாடியை விட்டு விழுந்து மணலில் வாய் மேல்நோக்கிக் கிடந்தன, இரண்டொன்றே பிழைத்தன. ஸோவாந்தஸ் முழுவதும் மூடியிருந்தது. ஹேமர் பவளம் தன் எலும்புக்கூட்டுக்குள் ஒடுங்கி, ஒரு தலையின் ஓரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு தெரியத் திசு விலகியிருந்தது. அதற்கடுத்த காலை அம்மோனியா லிட்டருக்கு அரை மில்லிகிராம். கோமாளி மீன்கள் சற்று வேகமாக மூச்சுவிட்டன, உணவை மறுக்கவில்லை.

காரணத்தைப் பிரித்தறிதல்

மூன்று சந்தேகங்கள் இருந்தன: வெப்பமா, உவர்ப்பு ஏறியதா, ஏறிய உவர்ப்பு சட்டென இறங்கியதா? இங்கே மகனின் கைப்பேசி உதவியது. வீடு திரும்பியதும், தந்தை நீர் ஊற்றுமுன், அவன் வழக்கம்போல் தொட்டியைப் படம் பிடித்திருந்தான். அதில் இறால் தன் மீசையை ஆட்டிக்கொண்டு பாறைமேல் நிற்கிறது. ஹேமர் பாதி விரிந்திருக்கிறது. நத்தைகள் கண்ணாடியில் ஒட்டியிருக்கின்றன. மூன்று நாள் வெப்பமும் 40க்கு ஏறிய உவர்ப்பும் அவற்றைத் துன்புறுத்தியிருக்கும், கொல்லவில்லை. அந்த ஏற்றம் ஏறக்குறைய மூன்று நாளில் பரவி வந்தது. இறக்கம் பத்து நிமிடத்தில் வந்தது.

கடல்மீனின் குருதியில் உள்ள உப்பு, கடல்நீரில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்களவே. அது எப்போதும் கடல்நீரைக் குடித்து, மிகுதி உப்பைச் செவுள்வழியே வெளியேற்றிக்கொண்டே வாழ்கிறது. நீரின் உவர்ப்பு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அந்த ஏற்பாடு ஈடுகொடுக்கும். நத்தைக்கும் பவளத்துக்கும் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை; கடல் இறாலுக்கு உள்ளதும் மிகக் குறைவு. அவற்றின் உடல்நீர் சுற்றியுள்ள நீரின் உவர்ப்போடு ஒத்து நிற்கும். மெல்ல மாறினால் உயிரணுக்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளும். சட்டென உவர்ப்பு குறைந்தால் வெளிநீர் உயிரணுவுக்குள் பாயும். மீன் பிழைத்து இறாலும் நத்தைகளும் இறந்ததை விளக்க இதுவே பொருந்துகிறது. அம்மோனியா பின்னால் வந்த விளைவு. இறந்த நத்தைகள் அழுகியதால் எழுந்தது. 30 டிகிரிக்கு மேற்பட்ட நீரில் கரையும் உயிர்வளியும் குறைவு என்பதால் வெப்பம் பாதிப்பைக் கூட்டியிருக்கும்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணமும்

முதல் இரண்டு நாள்களில் செய்தவை: இறந்தவற்றை ஒன்றுவிடாமல் எடுத்தது, மீனுணவை நிறுத்தியது, கரித்தூள் பை வைத்தது, தொட்டி நீரின் உவர்ப்புக்கும் வெப்பத்துக்கும் சரியாக ஒத்த புதுநீரால் எட்டு லிட்டர் அளவில் மாற்றியது. அம்மோனியா நான்காம் நாள் சுழியமாயிற்று. ஹேமர் பவளத்தை மருந்து நீரில் முக்கலாமா என்று கணவர் கேட்டார், வேண்டாம் என்றேன். ஏற்கெனவே நீரின் மாற்றத்தால் அடிபட்ட உயிரை இன்னொரு நீருக்கு மாற்றுவது அதே அடியை மறுபடி கொடுப்பதாகும். திசு பழுப்புக் கூழாகக் கரைந்தால் மட்டும் அந்தத் தலையை வெட்டிப் பிரிப்பது என்று வைத்துக்கொண்டோம். அந்த நிலை வரவில்லை.

நீண்ட கால ஏற்பாட்டில் கணவருக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபட்டது. நீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவியை வாங்கிவிட்டால் காற்றாடியே வேண்டாம், ஆவியாதலும் குறையும் என்பது கணவர் எண்ணம். தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து நகர்த்தாமல் எந்தக் கருவி வாங்கினாலும் வெயிலோடு மல்லுக்கட்டுவதற்கே அது உழைக்கும் என்பது மனைவியின் வாதம். மனைவி சொன்னதே எனக்குச் சரியாகப் பட்டது. சில்லர் தொட்டியிலிருந்து எடுக்கும் வெப்பத்தையும் தான் உண்ணும் மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து அதே அறையில்தான் கொட்டும். அடைத்த வீட்டில் அது அறையைச் சூடாக்கி மறுபடி தொட்டிக்கே திரும்பும்.

ஆகவே வரிசை இப்படி அமைந்தது. முதலில் தானியங்கி நீர்நிரப்பி, ஏனெனில் உயிர்களைக் கொன்றது உவர்ப்பு. அதன் நீர்த்தேக்கத்தின் அளவைப் பற்றி நீண்ட நேரம் பேசினோம். இருபது லிட்டர் தோம்பு வைத்தால் பத்து நாள் கவலையில்லை. ஆனால் உணரியின்மேல் ஒரு நத்தை ஏறி உட்கார்ந்தாலோ, அது பழுதானாலோ, இருபது லிட்டரும் தொட்டிக்குள் போய் உவர்ப்பை 26க்குக் கீழிறக்கும், தரையிலும் வழியும். ஏழு லிட்டர் வைத்தால், முழுவதும் தவறாகப் போனாலும் உவர்ப்பு 31க்குமேல் நிற்கும். எனவே ஏழு லிட்டரே முடிவாயிற்று. அதன் குழாயின் முனை நீரில் மூழ்காமல் மேலே நிற்க வேண்டும் என்பதையும் உறுதி செய்தார்கள். மூழ்கினால் மோட்டார் நின்றபின் தொட்டி நீர் தேக்கத்துக்குத் திரும்பி ஒழுகிவிடும்.

அடுத்து, காற்றாடியை வெப்பக் கட்டுப்படுத்தியோடு இணைத்து 28 டிகிரிக்கு மேல் மட்டும் ஓட வைத்தார்கள். விளக்கு எரியத் தொடங்கும் நேரத்தைக் காலை ஒன்பதிலிருந்து மாலை நான்குக்கு மாற்றினார்கள். இரவு பதினொன்றுக்கு அணையும். விளக்கின் வெப்பம் பிற்பகல் வெயிலோடு சேர்ந்து விழுவது இதனால் நின்றது. வேலையும் பள்ளியும் முடிந்து வீடு திரும்பும் குடும்பத்துக்குத் தொட்டியை ஒளியோடு பார்க்கவும் வாய்த்தது. செலவே இல்லாத இந்த மாற்றம் மட்டும் உச்ச வெப்பத்தை ஏறக்குறைய அரை டிகிரி குறைத்தது. தொட்டியை நகர்த்துவது கடைசியில், உயிர்கள் தேறியபின், மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் நடந்தது. முக்கால்வாசி நீரை வாளிகளில் எடுத்து, பவளங்களை அதே நீரில் வைத்து, உள்சுவருக்கு மாற்றினார்கள்.

பின்விளைவு

ஸோவாந்தஸ் ஒரு வாரத்தில் திறந்தது. காளான் பவளம் பாதிப்பே காட்டவில்லை. ஹேமரின் ஒரு தலை ஆறு வாரத்தில் முற்றாக இறந்தது; மற்றத் தலை திசு விலகிய ஓரத்தை மீட்கவில்லை என்றாலும், மே மாதத்தில் முன்போல் உப்பத் தொடங்கியது.

ஏப்ரல், மே மாதங்களில் வேறொரு சோதனை வந்தது. வெயிலும் ஈரமும் ஒன்றாகச் சேர்ந்த நாள்களில் காற்றாடி ஓயாமல் ஓடியும் நீர் 29.6க்குக் கீழ் இறங்கவில்லை. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் நீர் ஆவியாவது குறையும், குளிர்ச்சியும் குறையும். காற்றாடியின் எல்லை இது. இந்த நிலையில்தான் பயன்படுத்திய சிறு சில்லர் ஒன்றை வாங்கினார்கள். அதைச் சமையலறைக்குப் பின்னாலுள்ள துணி உலர்த்தும் இடத்தில் வைத்து, குழாயை மட்டும் உள்ளே கொண்டுவந்ததால் வெப்பம் வெளியே போகிறது. 28.5க்கு மேல்தான் அது இயங்கும். பெரும்பாலான நாள்களில் ஓடுவது பிற்பகலில் சில மணி நேரமே. கையேடுகள் சொல்லும் 25 டிகிரிக்கு அதை இறக்க நான் பரிந்துரைக்கவில்லை. வெளியே 32 டிகிரி இருக்கும் ஊரில் 25ஐப் பிடித்து நிற்கும் தொட்டி, மின்சாரம் தடைப்பட்ட ஒரு பிற்பகலில் பல டிகிரி ஏறிவிடும். 28இல் நிற்கும் தொட்டிக்கு ஏற அவ்வளவு தூரமில்லை. மின்தடைக்கென மின்கலத்தில் இயங்கும் காற்றுக்குழாய் மோட்டார் ஒன்றும் இப்போது உண்டு.

நீர்நிரப்பி வந்தபின் எடுக்கப்பட்ட எல்லா அளவுகளிலும் உவர்ப்பு 34.5க்கும் 35.5க்கும் இடையே உள்ளது. காலை, பிற்பகல் வெப்ப வேறுபாடு ஒரு டிகிரிக்குள் அடங்கியது.

மீண்டும் செய்தால் மாற்ற வேண்டியவை

தொட்டி வைக்கும் இடத்தை, நீர் நிரப்புமுன், ஒரு வெப்பமானியை அங்கே வைத்துக் காலை முதல் மாலைவரை சில நாள் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். நீர்நிரப்பியைக் காற்றாடியோடு சேர்த்தே வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கப் பணம் இருந்தால், இரண்டையும் வாங்க முடியும்வரை ஹேமர் போன்ற பவளத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. கருவி எதைப் புதிதாகச் சேர்த்தாலும், அடுத்த ஒரு வாரத்துக்குள், நீர் நிரப்பாமல் விட்ட ஒரே நாளில் எவ்வளவு இறங்குகிறது என்று கோடு போட்டு அளக்க வேண்டும். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் இடையே மாறியது அந்தக் கோடுதான்.

இறங்கிவிட்ட மட்டத்தைக் கண்டால் செய்ய வேண்டியது குறித்து அவர்கள் இப்போது தொட்டி நிற்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். முதலில் உவர்ப்பை அள. மோட்டார் காற்றை உறிஞ்சினால் அதை அணைத்துவிட்டுக் காற்றுக்குழாயைப் போடு. பின் மணிக்கு அரை லிட்டருக்கு மிகாமல், சொட்டுச்சொட்டாக, இரவு முழுவதும் நிரப்பு என்பது அதன் சாரம். ஏழு லிட்டரை இவ்வாறு நிரப்பப் பதினான்கு மணி நேரம் ஆகும்.

அண்டை வீட்டு அம்மையாருக்கும் முறை மாறியது. வெளியூர் செல்லும்போது மீனுணவை நாளுக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி வைக்கிறார்கள். நீர்த்தேக்கத்தின் வெளிப்புறத்தில் ஒட்டிய சிவப்பு நாடாவுக்குக் கீழே நீர் இறங்கியிருந்தால், பக்கத்தில் வைத்த ஒன்றரை லிட்டர் போத்தலில் ஒன்றைத் தேக்கத்தில் ஊற்ற வேண்டும், தொட்டியில் ஊற்றக் கூடாது என்று காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஜூன் மாதம் நான்கு நாள் வெளியூர் சென்று திரும்பியபோது போத்தல்களில் இரண்டு காலியாக இருந்தன, உவர்ப்பு 35.

துப்புரவு இறாலை மறுபடி வாங்குவதை மகன் அடுத்த ஆண்டுத் தைப்பூசம் முடியும்வரை தள்ளி வைத்திருக்கிறான்.